சொன்னவண்ணம் செய்யும் படம்

பேசி எடுத்த வீடியோவை எழுத்தை வைத்து வெட்டும் முறை இன்று எடிட்டிங் வேலையில் அன்றாட வழக்கமாகிவிட்டது. படத்தைக் கணினியில் ஏற்றியதும் பேசியது முழுவதும் எழுத்தாகித் திரையின் ஒரு பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதைக் கருவி குறித்து வைத்திருக்கிறது. ஒரு வரியை அழித்தால் அந்த வரியைச் சொன்ன முகமும் குரலும் சேர்ந்தே போய்விடும். கீழே உள்ள பத்தியை எடுத்து மேலே ஒட்டினால், கடைசியில் சொன்னது முதலில் சொன்னதாகிவிடும். 2017-இல் ஒலிப்பதிவுகளுக்காகத் தொடங்கப்பட்ட டெஸ்கிரிப்ட் என்னும் மென்பொருள் பிறகு வீடியோவுக்கும் இந்த வழியைத் திறந்தது. 2023-இல் அடோபி பிரீமியர் புரோவிலும் இது இடம்பெற்றது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. அது தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கித் தருகிறது. ஆக, காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலின் தலபுராணத்தையோ பிள்ளையார்பாளையத்துத் தறியையோ படம்பிடித்துப் போடுகிற ஒருவருக்கும் இது எட்டுகிற வேலைதான். வசதியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. கண்டதைச் சொல் ஆளலாமா? ஆளலாம் என்றால், எந்த உரிமையில்? எழுத்தில் விழாத ஒன்று நடந்ததாகவே கணக்கில் வராமல் போவதற்கு யார் பொறுப்பு?

காஞ்சிக்கு இந்தக் கேள்வி புதிதன்று. திருவெஃகாவில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் பெயரே சொன்னவண்ணம் செய்த பெருமாள், வடமொழியில் யதோக்தகாரி. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் தன்னைப் பாடச் சொன்னான். மனிதனைப் பாடமாட்டேன் என்று கணிகண்ணன் மறுத்தார். மன்னன் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் போகிறான், நானும் போகிறேன், நீ மட்டும் இங்கே கிடக்க வேண்டாம், பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று ஆழ்வார் பெருமாளிடம் ஒரு வெண்பா சொன்னார். பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஊர் இருண்டது. அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை என்பார்கள். மன்னன் ஓடிவந்து பணிந்தபோது ஆழ்வார் புதிதாக ஒரு பாட்டுக் கட்டவில்லை. அதே வெண்பாவை எடுத்தார், போவதைச் சொன்ன சில சொற்களைத் திரும்பியதைச் சொல்லும் சொற்களாக மாற்றினார். சுருட்டச் சொன்ன பாயை விரிக்கச் சொன்னார். பெருமாள் திரும்பி வந்து படுத்தார். எழுத்தில் சில சொற்கள் மாறின, காட்சி முழுதும் மாறியது. எழுத்தை வைத்துப் படத்தை வெட்டுகிறவர் செய்வதும் இதுவேதான். தம் தொழிலுக்கு இதைவிடப் பெருமையான முன்னோடிக் கதையை அவர் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆனால் கதையில் ஒரு செய்தி இருக்கிறது, அதைத் தவறவிட்டால் கதையே தவறிவிடும். பெருமாள் மறுத்திருக்கலாம். அவர் எழுந்து நடந்ததை வைணவர்கள் அடியவனிடம் அவர் காட்டிய எளிமை என்று கொண்டாடுவது அதனால்தான். மறுக்க முடிகிறவர் இணங்கியதால் அது அன்பு. மறுக்கவே முடியாத ஒன்று இணங்கினால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. இதே கதையில் இன்னொரு மறுப்பும் உண்டு: பாடமாட்டேன் என்று கணிகண்ணன் சொன்னது. அதற்கு அவர் நாடு கடத்தலை விலையாகக் கொடுத்தார். சொல்லின் ஆற்றலைப் போற்றுகிற இந்தக் கதை, கட்டளைக்குச் சொல்லைத் தர மறுத்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. வீடியோவில் பேசியவரின் முகத்துக்கு இந்த இரண்டு உரிமையும் இல்லை. பதிவு முடிந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மூன்றாவது வாக்கியத்தை எடுத்து முதலாவதோடு ஒட்டும்போது, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று தலையசைக்கத் திரையில் யாரும் இல்லை. அவர் வாய் அசைகிறது, அவர் குரல்தான் கேட்கிறது, ஆனால் இணங்கியது அவர் அல்லர். படத்தால் மறுக்க முடியாது என்பதால், மறுக்கும் பொறுப்பு வெட்டுகிறவர் தலையில் விழுகிறது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். சொல் முன்னே போய்ப் படம் பின்னே வருவது தமிழுக்கு எப்போதும் உள்ள வழக்கம்தானே? காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவின் வசனத்தில் 'வேலைக்காரி'யும் 'நல்லதம்பி'யும் 1949-இல் வந்தன, 1951-இல் 'ஓர் இரவு' வந்தது. அந்தக் காலத்துப் படங்களில் கேமரா பெரும்பாலும் வசனத்துக்குக் காவல் நின்றது. மக்கள் போய்க் கேட்டார்கள், வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அதில் என்ன குற்றம்? குற்றம் எதுவும் இல்லை. அங்கே எழுத்து முன்னால் வந்தது. நடிகர் அதைப் படித்தார், ஏற்றார், தம் மூச்சில் ஏற்றிச் சொன்னார். சொல்லுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு மனிதரின் இசைவு இருந்தது. அதுபோலவே, தானே எழுதித் தானே படித்துத் தானே வெட்டுகிற ஒருவர் தம் பேச்சில் எதை அழித்தாலும் அது அவர் பாடு. நான் கவலைப்படுவது எழுத்து பின்னால் வருகிற இடத்தைப் பற்றி. ஒருவர் யோசித்து, திணறி, நிறுத்தி, மறுபடி தொடங்கிச் சொன்னதை இயந்திரம் எழுத்தாக்குகிறது. பிறகு அந்த எழுத்தே மூலம் என்றும், அவர் பேசியது அதன் படி என்றும் நடத்தப்படுகிறது. வரிசை தலைகீழாகும்போது உரிமையும் தலைகீழாகிறது.

ஒரு நெசவாளரிடம், உங்கள் பையனைத் தறியில் உட்காரவைப்பீர்களா என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் "உட்காரவைப்பேன்" என்கிறார். பாவில் ஓர் இழை அறுந்திருக்கிறது. குனிந்து அதைத் தேடிப் பிடிக்கிறார், விரலால் முறுக்கி இணைக்கிறார், இழுத்துப் பார்க்கிறார். ஒன்பது நொடி போகிறது. தறியைப் பார்த்தபடியே "வந்தான்னா" என்கிறார். எழுத்தில் இது இரண்டு சொல். உட்காரவைப்பேன், வந்தான்னா. நிறுத்தங்களைச் சுருக்கும் வசதி இந்தக் கருவிகளில் உண்டு. ஒரு தட்டலில் ஒன்பது நொடி அரை நொடியாகிவிடும். அப்போது கேட்பவர் காதில் விழுவது, மகன் வந்தால் மகிழ்ச்சியோடு தறியைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு தகப்பனின் பதில். இரண்டாவது சொல்லையும் அழித்துவிட்டால் பாரம்பரியம் தொடர்கிறது என்று தலைப்புப் போடலாம். அவர் சொல்லாத சொல் ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. ஆனாலும் அந்த ஒன்பது நொடியில், அறுந்த இழைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் முடிவு செய்ய முடியாமல் இருந்தது போய்விட்டது. கேள்விக்கு அவர் தந்த உண்மையான விடை அதுதான்.

நம் மரபு இதை எப்போதோ கணக்கிட்டு வைத்திருக்கிறது. தனித்தனிச் சொற்கள் ஒரு வாக்கியமாகிப் பொருள் தருவதற்கு மூன்று வேண்டும் என்பார்கள்: அவாய்நிலை, தகுதி, அண்மைநிலை. ஒரு சொல் இன்னொன்றை எதிர்பார்த்து நிற்பது அவாய்நிலை. அவை பொருளால் ஒன்றோடொன்று பொருந்துவது தகுதி. இடையில் நெடுநேரம் விடாமல் அடுத்தடுத்துச் சொல்வது அண்மைநிலை. காலையில் ஒரு சொல்லும் மாலையில் ஒரு சொல்லும் சொன்னால் அவை சேர்ந்து வாக்கியம் ஆகா என்று மீமாம்சகர்கள் வாதாடியது வெறும் நூல் விளையாட்டன்று. இரண்டு சொல்லுக்கு நடுவில் உள்ள காலம் பொருளின் ஓர் உறுப்பு என்று அவர்கள் கண்டார்கள். எழுத்தை வைத்து வெட்டுகிறவர் கை வைப்பது அண்மைநிலையில். இல்லாத அண்மையை அவர் உண்டாக்குகிறார், உண்டான அண்மையிலிருந்து பேசியவர் நினைக்காத பொருள் பிறக்கிறது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் இதைப் படத்தில் காட்டினார். ஒரே நடிகரின் அசையாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசி தெரிந்தது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம் தெரிந்தது. எழுத்தில் இது இன்னும் சுலபமாக நடந்துவிடுகிறது, ஏனென்றால் எழுத்தில் எல்லாச் சொல்லும் ஏற்கெனவே அருகருகேதான் இருக்கின்றன. ஒன்பது நொடிக்கும் அரை நொடிக்கும் தாளில் ஒரே இடைவெளி.

சைவ சித்தாந்தம் அறிவுக்குரிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகச் சுருக்கும். சிவஞான சித்தியாரில் இதற்கு விரிவான இடம் உண்டு. அதற்கு உரை கண்ட சிவஞான முனிவர்தான் காஞ்சிப் புராணத்தையும் பாடினார். உரை என்பது நம்பத்தக்கவர் சொன்ன சொல். அதன் மதிப்பு சொன்னவரைப் பொறுத்தது. காண்டலுக்கு அப்படி ஒரு ஈடு தேவையில்லை, கண் முன்னே இருப்பதைக் கண்டோம், அவ்வளவுதான். வீடியோவின் தனித்த பலம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தருவது. ஒருவர் சொல்வதைக் கேட்கிறோம், சொல்லும்போது அவர் எப்படி இருந்தார் என்பதையும் காண்கிறோம், ஒன்றை மற்றதால் சோதிக்கிறோம். எழுத்தை வைத்து மட்டும் வெட்டியபின் எஞ்சுவது உரை மட்டுமே. ஆனால் திரையில் முகம் தெரிவதால் பார்க்கிறவர் அதைக் காண்டல் என்று நம்புகிறார். ஒரு பத்திரிகையில் அதே பேட்டியை அச்சிட்டால், இது ஒருவர் கேட்டு எழுதியது என்ற எச்சரிக்கை வாசகருக்குத் தானாகவே இருக்கும். படத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. ஆகவே அச்சில் நியாயமாக இருந்த சுருக்கம் படத்தில் நியாயமற்றதாகிவிடக்கூடும். வெட்டு ஒன்றுதான், அதற்குப் பிணையாக நிற்கும் நம்பிக்கைதான் வேறு.

இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சொல்லில் வராதது அறிவிலேயே வராது, எந்த அறிவும் சொல்லோடு பின்னித்தான் எழுகிறது, எனவே எழுத்தில் விழாததைப் பொருள் என்று அழைப்பதே தவறு என்று ஒருவர் வாதிடலாம். பர்த்ருஹரி வாக்கியபதீயத்தில் ஏறக்குறைய இப்படிச் சொன்னவர். இதற்கு நேர் எதிரே நின்றவர் திக்நாகர். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்த அறிஞர். பெயரும் இனமும் கற்பித்து ஏற்றப்படாத தூய அறிவே காட்சி என்றார் அவர். சொல் எதையும் நேராகத் தொடுவதில்லை. பசு என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்கித்தான் பசுவைக் காட்டுகிறது என்றார். அந்தத் தருக்கத்தின் சாயலை மணிமேகலையிலும் பார்க்கலாம்; அறவண அடிகள் அதை மணிமேகலைக்குக் கற்பிக்கும் ஊர் காஞ்சிதான். திக்நாகர் வழியில் பார்த்தால் பேச்சை எழுத்தாக்குவதே முதல் வெட்டு. தறியின் சத்தம், குரலின் நடுக்கம், கேள்விக்கு முன் இழுத்த மூச்சு எல்லாம் யாரும் விசையைத் தொடுவதற்கு முன்பே விலக்கப்பட்டுவிட்டன. அதன்மேல் எடிட்டர் செய்வது இரண்டாவது விலக்கு.

நான் திக்நாகர் பக்கம் சாய்கிறேன், ஆனால் பர்த்ருஹரியை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. அவர் சொன்ன சொல் கணினி பிரித்து நேரம் குறித்த சொல் அன்று. வாக்கியம் பிளக்க முடியாத ஒருமை, அதைச் சொற்களாகப் பிரிப்பது இலக்கணம் கற்பிப்பதற்காகச் செய்த ஏற்பாடு என்பது அவர் கொள்கை. சொல் சொல்லாக அழித்து ஒட்டும் தொழிலுக்கு அவர் சாட்சி சொல்ல வரமாட்டார். தமிழ்ப் பேச்சை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். நாம் பேசும்போது "வந்து" என்று இழுத்து அடுத்த சொல்லைத் தேடுகிறோம். அதை வீண் ஒலி என்று பட்டியலில் சேர்த்து மொத்தமாகத் தேடி அழித்தால், அப்பா ஆரணியிலிருந்து வந்து இங்கே தறி போட்டார் என்ற வாக்கியத்தில் அப்பாவின் வருகையும் சேர்ந்து அழியும். எது இழுவை, எது வினை என்பதை வாக்கியம் முழுவதையும் கேட்ட காதுதான் பிரிக்கும். அந்தக் காது அருகில் இருந்தால் இந்தக் கருவியால் கெடுதல் குறைவு. காதை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணால் எழுத்தை மட்டும் படித்து வேலையை முடித்துவிடலாம் என்ற ஆசையைத்தான் இந்த முறை வளர்க்கிறது.

தொழிலின் உள்ளிருந்து வந்த சாட்சியும் இதையே சொல்கிறது. 'காட்பாதர்' வரிசையிலும் 'அபோகலிப்ஸ் நவ்' படத்திலும் பணியாற்றிய வால்டர் மர்ச், ஒரு வெட்டு எதற்கெல்லாம் நியாயம் செய்ய வேண்டும் என்று ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வை செல்லும் இடம், திரையின் தளம், இடத்தின் தொடர்ச்சி ஆகிய மூன்றுக்கும் மிச்சம் 16. எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எழுத்துத் தாளில் கண்ணுக்குத் தெரிவது இவற்றில் கதை ஒன்றுதான் என்பதை யாரும் மறுக்க முடியாது.

எழுத்துக்கும் படத்துக்கும் நடந்த இந்த இழுபறியின் பழைய பதிவு ஒன்று காஞ்சியிலேயே கல்லில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பமாக ஓடுகிறது. பிரமனில் தொடங்கும் வம்சம், முடிசூட்டல்கள், போர்கள், யானை குதிரைகள், தூது வந்தவர்கள், கோயில் கட்டுவது என்று சுவர் நெடுகப் படம்தான். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் எழுத்தில் விளக்கக் குறிப்பு உண்டு. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், அமைச்சர்களும் கடிகை என்னும் கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் குடிகளும் இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் மகன்களைக் கேட்கிறான். மூத்தவர்கள் போகமாட்டோம் என்கிறார்கள். 12 வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான், அவனே நந்திவர்மன். அரசன் தன் உரிமையை நிலைநாட்ட எழுதவைத்த குறிப்பு அது. அப்படியிருந்தும் மறுத்தவர்களின் மறுப்பை அது அழிக்கவில்லை, அதையே தன் உரிமைக்குச் சான்றாக வைத்திருக்கிறது. ஆனால் உதயேந்திரம் செப்பேட்டைப் படித்தால் இன்னொரு பக்கம் தெரியும். நந்திபுரத்தில் நந்திவர்மனைத் தமிழரசர்கள் முற்றுகையிட்டதையும், தளபதி உதயசந்திரன் அவனை மீட்டுப் பல்லவ இளவரசன் சித்திரமாயனைக் கொன்றதையும் அது சொல்கிறது. எல்லோரும் வேண்டி அழைத்து முடிசூட்டிய கதைக்குள் இந்த எதிர்ப்புக்கு இடமில்லை. ஆட்சியில் இருப்பவர் கையில் எழுத்து இருந்தால் எதை வைப்பார், எதை எடுப்பார் என்பதற்கு 1,200 ஆண்டுப் பழைய சான்று இது.

அந்தச் சுவரில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெரும்பாலான சிற்பங்களுக்குக் கீழே எழுத்து இல்லை. எழுத்து இல்லாததாலேயே அவை இன்னும் பேச்சு முடியாமல் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான சி. மீனாட்சி ஒவ்வொரு சிற்பமாக நின்று பார்த்து, செப்பேடுகளோடு ஒப்பிட்டு, இது இன்ன அரசன், இது இன்ன போர் என்று அடையாளம் காட்டினார். அவர் 1940-இல் காலமானபின், 1941-இல் தொல்லியல் துறை அந்த ஆய்வை நூலாக வெளியிட்டது. பிறகு வந்த டென்னிஸ் ஹட்சன் அதே கோயிலைப் பாகவத நெறியின் கண்ணால் வேறு விதமாகப் படித்தார். குறிப்பு எழுதியவன் நினைத்ததற்கு மேல் படத்தில் எஞ்சி இருந்ததால்தான் இவர்களுக்கு வேலை இருந்தது. எழுத்தில்லாத சிற்பங்களையெல்லாம் நந்திவர்மன் எடுத்துவிடச் சொல்லியிருந்தால் நமக்கு ஓர் அரசனின் அறிக்கை மட்டும் மிஞ்சியிருக்கும். இன்று இந்தச் சிற்பங்களைப் பற்றி எடுக்கப்படும் வீடியோக்களிலும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. ஒரு சிற்பத்தைப் பற்றிய வாக்கியம் மூன்று நொடி என்றால் சிற்பமும் மூன்று நொடிதான் திரையில் நிற்கிறது. வாக்கியம் முடிந்ததும் கல் நகர்ந்துவிடுகிறது. கோயிலில் அர்ச்சகர் பெருமாளின் பெயரைச் சொல்லி முடித்த கணத்தில் யாரும் சந்நிதியை விட்டு நகர்வதில்லை. காண்பதற்கென்று ஒரு நேரம் தனியே இருக்கிறது. தரிசனத்தின் நீளத்தை வாக்கியத்தின் நீளம் தீர்மானிக்கும் படத்தை, ஒலிச்சித்திரம் என்று சொல்வதே பொருத்தம்.

நடைமுறை சார்ந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மணி நேரப் பேச்சிலிருந்து பத்து நிமிடத்தை எடுக்க முன்பெல்லாம் நாள் கணக்கில் உட்கார வேண்டும், ஸ்டூடியோ வாடகை கொடுக்க வேண்டும். இன்று தனி ஆளாக, சொந்த ஊரில் இருந்தபடி, தன் ஊர்க் கோயிலையும் தொழிலையும் ஒருவர் பதிவு செய்ய முடிகிறது என்றால் அதில் எழுத்துவழி எடிட்டிங்குக்குப் பங்கு உண்டு. காது கேளாதவர்களுக்கு எழுத்து துணையாகிறது. எங்கெங்கோ அலைந்த பேச்சை ஒழுங்குபடுத்தித் தருவது பேசியவருக்கும் நன்மைதான். திக்கித் திணறியதை அப்படியே காட்டுவது அவரை அவமானப்படுத்துவதாகவும் ஆகலாம். இங்கே திருவள்ளுவரையும் துணைக்கு அழைப்பார்கள். பிறருக்குத் தீமை விளைக்காத சொல்லே வாய்மை என்பது அவர் தந்த இலக்கணம், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் சொன்னவர் அவர். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்பது வழக்கு. நல்லெண்ணத்தோடு வெட்டினால் அது வாய்மைதானே என்று கேட்கலாம்.

வள்ளுவர் வைத்த நிபந்தனை மிகக் கடுமையானது என்பதுதான் என் பதில். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும், அதாவது எவருக்கும் ஒரு கெடுதலும் ஒட்டாத நன்மை. நெசவாளரின் ஒன்பது நொடியை எடுத்தால் பார்ப்பவருக்குச் சலிப்பு குறையும், வீடியோவைப் போட்டவருக்குப் பார்வையாளர் கூடுவர். பேசியவருக்கு என்ன? தன் மகனின் வாழ்க்கையைப் பற்றித் தான் முடிவெடுக்க முடியாமல் இருந்ததை அவர் நேர்மையாகக் காட்டினார், ஊர் முழுக்க அவர் வேறு பதில் சொன்னவராகப் போய்ச் சேர்ந்தார். இந்த நன்மையில் குற்றம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திக்கலை எடுத்து அவர் மானத்தைக் காப்பதும், தயக்கத்தை எடுத்து அவர் மனத்தை மாற்றுவதும் எழுத்தில் ஒரே போலத் தெரிகின்றன. எது எது என்று தெரிந்துகொள்ள அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. தாளில் குறித்து வெட்டலாம். வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் காதாலும் கண்ணாலும் சோதிக்காமல் வெளியே விடக்கூடாது. இது தொழில் சுத்தத்துக்காகச் சொல்லப்படும் யோசனை அன்று, பேசியவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

படத்தால் மறுக்க முடியாது என்று சொன்னேன். ஓரளவுக்கு அது மறுக்கத்தான் செய்கிறது. இரண்டு வாக்கியத்தை ஒட்டிய இடத்தில் தலை சட்டென்று ஒரு பக்கம் துள்ளும். பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் தறியின் தாளம் நடு அடியில் அறுந்து வேறிடத்தில் தொடங்கும். வெட்டு விழுந்த தடம் அது. எடிட்டர்கள் இதைக் குறை என்று நினைத்து, அந்த இடத்தில் ஜரிகையின் நெருக்கக் காட்சியையோ கோபுரத்தையோ வைத்து மூடுகிறார்கள். இப்போது அதற்கும் மேலே போய், இரண்டு முகநிலைக்கும் நடுவே இல்லாத அசைவை உருவாக்கி ஒட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் வசதியும், விடுபட்ட சொல்லைப் பேசியவர் குரலிலேயே செய்து நுழைக்கும் வசதியும் வந்துவிட்டன. கடைசியாகச் சொன்னதை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஒருவர் சொன்னதைக் குறைப்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. சொல்லாததை அவர் வாயில் வைப்பதில் எந்த வாதத்துக்கும் இடம் இல்லை. துள்ளலை மூடுவதைப் பொறுத்தவரை, வாக்கியத்தின் பொருளை மாற்றக்கூடிய ஒட்டாக இருந்தால் அதை மூடாமல் விடுவதே நேர்மை. திருவெஃகாவில் பெருமாள் வழக்கத்துக்கு மாறாக இடவலம் மாறிக் கிடக்கிறார். எழுந்து போய்த் திரும்பி வந்ததற்கு அடையாளம் என்பார்கள். சொல்லுக்காகக் காட்சி மாறிய இடத்தில், மாறியது என்ற தடத்தைக் கோயில் மறைக்கவில்லை, அதையே வணங்கவைத்திருக்கிறது.

வெட்டியதை யாரிடம் காட்டுவது என்ற கேள்விக்கும் இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை எழுதியபோது, அன்றன்று எழுதிய ஏட்டை இரவில் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவார், காலையில் அதில் திருத்தங்கள் இருக்கும் என்பது ஐதிகம். யாருடைய கதையோ, அவர் கையில் ஏடு போய் வந்தது. அரங்கேற்றத்தன்று முதல் செய்யுளின் முதல் சொற்புணர்ச்சிக்கே இலக்கணம் இல்லை என்று அவையில் ஒருவர் எழுந்து தடுத்தார். கச்சியப்பர் அவரை அடக்கவில்லை, அரங்கேற்றத்தை நிறுத்தினார். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தைத் திறந்து அந்த விதியைக் காட்டியபின்தான் நூல் மேலே நடந்தது. சைவ புராணத்தின் முதல் சொல்லைக் காத்தது பௌத்தர் ஒருவர் செய்த இலக்கணம் என்பது இந்த ஊருக்கு அழகு சேர்க்கும் செய்தி. தெய்வம் திருத்திய நூலுக்கே மறுப்பைக் கேட்கும் அவை தேவைப்பட்டது. பதிவில் பேசிய மனிதருக்கு நாம் செய்யக்கூடியது இதைவிட எளிது. வெட்டி முடித்த பத்து நிமிடத்தை வெளியிடுவதற்கு முன் அவர் கைபேசிக்கு அனுப்பலாம். எழுத்தை அனுப்பினால் போதாது, எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படத்தை அனுப்ப வேண்டும். தாம் பேசியதைத் தாமே பார்த்துவிட்டு, இந்த இடத்தில் நான் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லவில்லையே என்று அவர் சொன்னால், எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும், அதனால் வீடியோ நீண்டாலும் சரி.